லைலின் நாற்காலி

அந்த ஞாயிற்றுக்கிழமையும் லைல் நீல டையைக் கட்டிக்கொண்டான். படத்தில் கழுத்து கோணலாக விழுந்துவிடக் கூடாதாம். என் புருஷனுக்கு எல்லாவற்றிலும் அவசரம், கண்ணாடி முன்னால் மட்டும் அவசரமே கிடையாது.

எங்கள் நியூயார்க் குடியிருப்பின் மேல்மாடியில் ஓவியர் தார்சன் இருந்தார். உணவு விடுதியில் ஒரு தம்பதியை வரைய வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார். விடுதி மாதிரியே அவர் அறையில் ஜன்னலோரம் மேசை, காபிக் கோப்பைகள், எதிரெதிரே நாங்கள். உட்கார்ந்ததிலிருந்து லைலுக்கு வாய் ஓயாது. பேஸ்பால், மேனேஜர், பல்வலி என்று தொணதொணப்பான். நான் எதிர்க்கட்டிடத்துச் சுவரையே பார்ப்பேன். மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து போய்விட வேண்டும், எங்கே என்றுதான் தெரியாது. அவனிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை.

தார்சன் வரைந்ததில் பிடிக்காததைக் கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிடுவார். முடியும்வரை யாரையும் பார்க்க விடமாட்டார். அன்று அவர் பிரஷ் கழுவ உள்ளே போனதும் லைல் போய் எட்டிப் பார்த்தான். பேச்சு நின்றது. நானும் போனேன். படத்தில் மேசை, ஒரு கோப்பை, நான். எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

"நான் எங்கே சார்?"

தார்சன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "உங்களைப் போன வாரமே சுரண்டிட்டேன்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு உக்கார வெச்சீங்க? நான் என்ன பொம்மையா?"

சொல்லலாமா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். "புதன்கிழமை நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப வெர்னாவைத் தனியா உக்கார வெச்சுப் பாத்தேன். நல்லா சிரிச்ச முகமா இருந்தாங்க. நீங்க எதிர்ல இருந்தாத்தான் படத்துல இருக்கிற இந்த வாடின முகம் வருது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்களே என்று நிம்மதியாகவும் இருந்தது. லைல் சண்டைக்குப் போவான் என்று நினைத்தேன். டையை அவிழ்த்துக்கொண்டே படியிறங்கினான்.

வீட்டில் சமையலறை மேசையில் என் எதிரே உட்கார்ந்தான்.

"புதன்கிழமை நீ சிரிக்கிற மாதிரி அவர் என்னதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பேசாம வரைஞ்சுக்கிட்டிருந்தாரு."

வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே மேல்பாலத்தில் ரயில் ஒன்று போய் ஓய்ந்தது. பிறகு நாற்காலியைத் தூக்கி வந்து என் பக்கத்தில் போட்டு, நான் பார்த்துக்கொண்டிருந்த சமையலறைச் சுவரைத் தானும் பார்த்தான். பிறகு குனிந்து, மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த என் காலை முதல்முறையாகப் பார்த்தான்.