சால்வைக்குள் ஒரு கை

விடியற்புற இருட்டு எது, கரி எது என்று தெரியாத நேரத்திலேயே திருகோணமலை இறங்குதுறையில் கூடைகள் கப்பலேறத் தொடங்கிவிடும். கரித்தூள் பல்லிடையில் நறநறக்கும். துப்பினாலும் கறுப்பு.

கங்காணி வீரசிங்கம் இடக்கையால் மட்டும் ஆட்களின் தலைக்குக் கூடை தூக்கிவிட்டான். வலக்கை ஈரத்துணிக்குள் இருந்தது. சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று பாரந்தூக்கியின் கயிறு அதைச் சுற்றி நெரித்தது. புண் ஆறிவிட்டது, சுகம் என்று டாக்குத்தரும் சொல்லிவிட்டார். எரிவுதான் அதைக் கேட்கவில்லை. ஈ குந்தினால் நெருப்பு, காற்றுப் பட்டால் கொதியெண்ணெய். பேய்தான் பிடித்திருக்கிறது என்று மனைவி இரத்தினேஸ்வரி நூல் கட்ட வந்தாள். நூல் பட்டதும் அவன் அலறிய அலறலுக்குப் பிறகு குசினியில் அடுப்போரம் படுக்கிறாள். புருசனோடு படுக்கலாம், பேயோடு யார் படுப்பது?

கரியேற்றும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி, கொந்தராத்துக்காரர் அருளம்பலம், கூலியைச் சந்தை வழக்கப்படிதான் பேசுவார்: தன் கையையும் கங்காணியின் கையையும் சால்வையால் மூடி, விரல் பிடித்து விலை காட்டி. பார்ப்பவர்களுக்கு அவருடைய சிரிப்பு மட்டும் தெரியும். போன மாதம் கங்காணி தலையாட்டினான், கூலி இறங்கியது. ஆள் விலைபோய்விட்டான் என்று கதை பரவியது. கைநோவும் நடிப்பு என்று முதலில் சொன்னவன் கூடை சுமக்கும் கிண்ணியா ஜமால்தீன். அதற்குப் பிறகு கங்காணியோடு யாரும் தேத்தண்ணி குடிப்பதில்லை. அவனும் வாய் திறக்கவில்லை. காயமில்லாத கையை யாரிடம் காட்டுவது?

இன்றும் அருளம்பலம் சால்வையை விரித்தார். யுத்த காலம், இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டும் என்றார். வீரசிங்கம் இடக்கையை நீட்டினான்.

"இடக்கையால ஆரும் விலை பேசுறதோ?" சிரித்துக்கொண்டே அவன் வலக்கையைச் சால்வைக்குள் இழுத்தார்.

பக்கத்தில் நின்ற ஜமால்தீன் பார்த்தான். சால்வை ஒருமுறை திருகியது. வீரசிங்கத்தின் முகம் சாம்பலாகி, கழுத்தெல்லாம் வேர்த்து, தலை மெல்ல ஆடத் தொடங்கியது. அழுகையை நடிக்கலாம், வேர்வையை நடிக்க எந்தக் கூத்தாடிக்கும் ஏலாது.

ஜமால்தீன் சால்வையை உருவினான். ஈரத்துணியும் கூடவே வந்தது. முதலாளியின் பெருவிரல் தழும்பின்மேல் அழுந்திக் கிடந்ததை எல்லோரும் கண்டார்கள்.

"போன மாசமும் இப்பிடித்தானா அண்ணன்?"

"ஓம்."

ஜமால்தீன் திரும்பினான். "வாயால சொல்லுங்க மொதலாளி. எங்களுக்கும் காது இரிக்கி."

"கரி ஏத்துறது நிண்டால் பட்டாளம் வரும், தெரியுமோ?"

"வரட்டும். அவங்களுக்கும் கேக்கச் சொல்லுங்க."

கூடைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. ஆட்கள் அவற்றின்மேல் குந்தினார்கள். கப்பல் ஊதியது. முதலாளி சால்வையை உதறித் தோளில் போட்டார். விலை மட்டும் வாயில் வரவில்லை.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. வீரசிங்கம் வெறுங்கையைக் காற்றுக்கு எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் குந்தியிருந்தான். ஜமால்தீன் தன் கூடையை இழுத்துக் காற்று வரும் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பிறகு இன்னொருவன். அவனை ஒட்டி இன்னொருவன்.