கோடு போட்ட இடங்கள்

பேராசிரியர் லாத்ரப் ஒரு புத்தகம்கூட எழுதாத மனுஷர். எதிரே கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அவருக்கு யோசனையே ஓடாது. சிகாகோவில் முப்பது வருஷமாக, கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல், வகுப்புக் கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். அத்தனையும் காற்றோடு போகிறதே என்று மாணவர்கள் வயிறெரிந்து, சுருக்கெழுத்துக்காரியான என்னைக் கொண்டுவந்து ஓரத்தில் உட்காரவைத்தார்கள்.

"புரொபசர் பேசுறத மட்டும் எழுதுங்க, ராக்னா. பசங்க கேக்குறதெல்லாம் வேண்டாம்" என்றார்கள்.

அந்தப் பசங்களில் ஒருவன் என் தம்பி ஸ்வெர்ரே. மூன்றாம் வரிசை. வாய் ஓயவே ஓயாது. அவன் எழுந்தால் நான் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு விரல்களை நீவிக்கொள்வேன்.

டிராமில் வீடு திரும்பும்போது தினமும் சண்டை.

"அக்கா, இன்னைக்கு நான் கேட்டது எப்படி?"

"யாருடா கவனிச்சா? நீ வாயத் திறந்தா என் கைக்கு ஓய்வு. அவ்வளவுதான்."

"அடிப்பாவி! ஒரு வரிகூடவா எழுதல?"

"நீ பெரிய மேதை ஆகு, அப்புறம் எழுதுறேன்."

சிரித்தான். பிப்ரவரியில் அவனுக்கு நிமோனியா. ஒன்பதே நாள். இருபத்திரண்டு வயசு.

அவன் போன பிறகு எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: அந்த வகுப்பில் அவன் பேசிய ஒரு வாக்கியம். பத்து நோட்டுகளைப் புரட்டினேன். கோடு, கோடு, கோடு. என் கையை அடுப்பில்தான் வைக்க வேண்டும். பதினோராவது நோட்டு அவனுடைய கடைசி மாதம். அதைத் தனியாகத் திறக்கத் தைரியம் வரவில்லை. எல்லா நோட்டுகளையும் பேராசிரியர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

சுருக்கெழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. பழைய நோட்டிலிருந்து, ஸ்வெர்ரேக்கு அவர் சொன்ன ஒரு பதிலை முதலில் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னோடது மட்டும் இல்லம்மா. அவன் கேக்கலன்னா எனக்கு இது தோணியே இருக்காது. ஒருத்தர் நமக்குப் பதில் சொல்றப்பத்தான் நாம யாருன்னு நமக்கே தெரியுதுன்னு எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அந்த வாக்கியத்தை நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட என் மண்டையில் ஏறவில்லை.

"அப்ப அவன் என்ன கேட்டான்னு சொல்லுங்க சார். ஒரே ஒரு கேள்வி போதும்."

"பாவி நான், ஞாபகமே இல்லையே." அவர் கண் கலங்கியது. "நீங்களும் அங்கதானம்மா இருந்தீங்க?"

இருந்தேன். எட்டடி தூரத்தில்.

பதினோராவது நோட்டைத் திறந்தேன். ஜனவரி முப்பது, அவன் வந்த கடைசி வகுப்பு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. அதற்குக் கீழே பேராசிரியர் சொன்னதை வாசித்தேன்: "இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது, ஸ்வெர்ரே. உன் அக்கா அதோ உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளு."

"ஆமா, வகுப்பே சிரிச்சுது. அது மட்டும் ஞாபகம் இருக்கு. அவன் உங்களத் திரும்பிப் பார்த்தான்" என்றார் அவர்.

அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. அவன் என்னிடமே கேட்டிருக்கிறான். நான் விரல்களை நீவிக்கொண்டிருந்திருக்கிறேன்.