வலது கால் மட்டும்

திம்மப்பனின் வலது கால் ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாகச் சிவந்து வீங்கியது. இடது கால் எதுவும் தெரியாததுபோல இருந்தது. இரண்டும் ஒரே ஆளின் கால்கள். ஒரே கம்பெனி வாசலில்தான் நிற்கின்றன.

அறுபத்தாறு வயதில் அவருக்கு ஓசூர் சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை. இன்னொரு தடவை காலுக்காக லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

"கண்ணு பட்டிருக்குது" என்றாள் மனைவி சென்னம்மா.

"பட்டா ரெண்டு காலுக்கும் படாதா?"

"ஒண்ணு போதும்னு விட்டிருப்பாங்க, நல்லவங்க."

கொசுதான் காரணம் என்று முடிவு செய்த திம்மப்பன், வலது காலுக்குத் தலையணை உறையை மாட்டிக்கொண்டு படுத்தார். காலையில் குளிர்ஜுரமும் சேர்ந்துகொண்டது. சென்னம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் நபீலா வீக்கத்தைப் பார்த்துவிட்டு விரல்களை விரித்தார். சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தது.

"இங்க அரிக்குமா?"

"அரிக்கும். சொறிஞ்சா சுகமா இருக்கும். அதையெல்லாம் யாராச்சும் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

"சேத்துப்புண்ணுங்க ஐயா."

"நான் சேத்துல கால் வெச்சே பத்து வருஷமாச்சே!"

"ஈரம் போதும். ஈரத்துல பூஞ்சை வளந்து தோல் வெடிக்குது. தோல் மேல எப்பவும் இருக்கிற கிருமி அந்த வெடிப்பு வழியா உள்ள போயிருது. மாத்திரை உள்ள போனதைக் கொல்லும், வழியை அடைக்காது. சரி, இந்தக் கால் மட்டும் ஏன் நனையுது?"

திம்மப்பன் யோசித்து, விஷயத்தைச் சொன்னார். கொரோனா காலத்தில் கம்பெனி வாசலில் வைத்த, காலால் மிதித்துக் கை கழுவும் குழாய் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடியில் ஒழுகும். மேனேஜர்களின் பாலிஷ் போட்ட ஷூ நனையக் கூடாதென்று, அவர்கள் கை கழுவ இவரே வலது காலால் மிதித்துவிடுவார்.

"ஊரான் கைக்கெல்லாம் தண்ணி விடறியா?" என்றாள் சென்னம்மா. "வீட்டுல ஒரு சொம்பு மோந்து குடுத்திருக்கியா நீ?"

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, களிம்புச் சீட்டை வாங்கிக்கொண்டு திம்மப்பன் எழுந்தார்.

லீவு கேட்கப் போனபோது, கம்பெனிக் குழாய்தான் தன் காலைக் கெடுத்தது என்று காண்ட்ராக்டரிடம் சொன்னார். புகார், நஷ்டஈடு என்று போய்விடுமோ என்று அவர் மறுபேச்சில்லாமல் லீவு கொடுத்தார். அன்றே குழாயும் சரியானது.

வீட்டில் காலை உயர்த்தி வைத்து, மாத்திரைகளை முழுதாக முடித்தார். அதன்பின் கால் வீங்கவில்லை, வேலையும் போகவில்லை. அவர் செய்வது இவ்வளவுதான்: குளித்ததும் ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துகிறார். அரிப்பு நின்ற பிறகும், டாக்டர் சொன்ன நாள்வரை பூஞ்சைக் களிம்பைத் தடவினார். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்றுகிறார்.