கோடாலித் தைலம்

ஜெல் சில்லென்று இருந்தது. டாக்டர் பாலன் அதை என் காதுக்குக் கீழே, கன்னம் வீங்கியிருந்த இடத்தில் தடவி, சோப்புக்கட்டி அளவு கருவி ஒன்றை வைத்து அழுத்தினார். மெதுவாகத்தான் அழுத்தினார். ஆனாலும் என் தலை தன்னால் ஒதுங்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் தம்புசாமி அறைந்தால் அங்கேதான் விழும்.

"ஆடாதீங்க லா ஆன்டி. ஸ்கேன்தான், வலிக்காது."

மகள் கோமதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா செத்த பிறகு அவள் என் பக்கத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் நான் வீங்கிக் கிடந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு நாச்சாள், பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டி, தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். கிழவிக்கு என்ன பொன்னுக்கு வீங்கி? வீக்கம் இறங்காமல் போகவே, பெட்டாலிங் ஜெயாவில் குடியிருக்கும் இவளுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். வந்தவள், "கெளம்புங்க," என்றாள். முன்பெல்லாம் என்னை வா, போ என்பாள். இந்த மரியாதை சாவு வீட்டில் தொடங்கியது.

அன்றைக்கு அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் கண் மணல் விழுந்த மாதிரி எரிந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சமையலறைக்குப் போய்க் கோடாலித் தைலத்தை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தேய்த்தேன். அதற்கும் வரவில்லை. திரும்பினால் வாசற்படியில் கோமதி.

"அழுவறதுகூட நடிப்பாம்மா உங்களுக்கு?"

காரியம் முடிந்ததும் போனவள்தான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் கல் என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. அவளுக்கு அப்பா என்றால் உயிர். அவரும் அவளை ஒரு சொல் அதட்டியதில்லை. அவள் பள்ளிக்கூட பஸ் ஏறிய பிறகுதான் அவர் கை என் மேல் நீளும்.

"வாய் காயுதா ஆன்டி?"

"டீயில ஊறப்போட்டாத்தான் பிஸ்கட்டே எறங்குது, டாக்டர்."

அவர் திரையைக் கோமதி பக்கம் திருப்பினார். "இது எச்சில் சுரப்பி. நல்லா இருந்தா ஒரே சாம்பலா தெரியணும். இங்க பாருங்க, பூரா கறுப்பு கறுப்பா." ஆப்பத்தில் கண் விழுந்த மாதிரி இருந்தது. "இவங்க உடம்பே இத அழிக்குது. இப்படி ஸ்கேன்ல பாக்கறது புதுசு, பிளட் டெஸ்ட்டும் எடுத்துடுவோம். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல. கண்ணீர் சுரப்பியும் போயிருக்கும்."

"எப்ப இருந்து?" கோமதியின் குரல் மாறியிருந்தது.

"சட்டுனு வராது. வருஷக்கணக்கா இருக்கும். மருந்து குடுக்கலாம், போனது திரும்பாது."

சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வெளி நாற்காலியில் உட்கார்ந்தோம். கோமதி என் தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்துப் பிடித்தாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. பெற்றவளுக்கே பொறாமையாக இருந்தது.

"அன்னிக்கு உனக்கு அழணும்னு இருந்துச்சாம்மா? தண்ணிதான் வரலையா?"

உனக்கு என்றாள். அதைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். அவரை நடுவீட்டில் கிடத்தியபோது என் கழுத்திலிருந்து யாரோ கையை எடுத்தது போல இருந்தது. நிம்மதி. அது எந்த ஸ்கேனிலும் தெரியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் திரும்பி வந்துவிடுவாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

சொட்டு விழுந்தது. கண்ணில் நிற்காமல் கன்னத்து வீக்கத்தின் மேல் வழிந்தது. கோமதி அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கண்ணுக்கும் ஊத்து," என்றேன்.