சீனியர் நீல மீன்

மனிதவளத் துறை மேலாளருக்கு அலுவலகத்தில் 'ஒற்றுமையார்' என்று பெயர். மாதம் தவறாமல் ஊழியர்களை உட்காரவைத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசுவார். கேட்பவர்கள் கொட்டாவி விடுவதில் ஒற்றுமையாக இருப்பார்கள். ஜன்னலோர அறை அவருடையது. ஏசி ரிமோட்டும் அவருடைய மேஜை டிராயரில்தான் பூட்டிக் கிடக்கும். புதிதாகச் சேர்கிறவர்கள் ஏனோ அவரிடம் தாக்குப்பிடிப்பதில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை ஏது?" என்பார்.

துணைத் தலைவர் பதவி காலியாகப் போவதும், முதலாளிக்கு மீன் பைத்தியம் என்பதும் ஒரே நாளில் அவர் காதில் விழுந்தன. கொஞ்ச நாளிலேயே வீட்டு ஹாலில் கடல்நீர்த் தொட்டி வந்து இறங்கியது. உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, தண்ணீர் பக்குவப்பட்டதும், கட்டைவிரல் அளவில் ஒரு நீல மீனை முதலில் விட்டார்.

"முரட்டு மீனைக் கடைசியா விடணும்னு கடைக்காரர் சொன்னாரேங்க" என்றாள் மனைவி.

"மனுஷங்களையே மேய்க்கிறவன் நான். மீனு எம்மாத்திரம்?"

பிறகு இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் மீனும் வந்தன. நீலம் அதற்குள் குகை, இடுக்கு, தீனி விழும் மூலை எல்லாவற்றையும் வளைத்துப் போட்டிருந்தது. கோமாளிகள் மோட்டாருக்குப் பின்னால் பதுங்கின. மஞ்சளின் வால் கந்தலாகியது.

ஒற்றுமையார் கண்ணாடியைத் தட்டினார். "புதுசா வந்தவங்கதான் அனுசரிச்சுப் போகணும். அவன் சீனியர்."

"இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள் மனைவி.

இதற்கிடையில் அவர் முதலாளியிடம், தன் தொட்டியில் மீன்களெல்லாம் ஒரே குடும்பமாக வாழ்வதாக அளந்துவிட்டிருந்தார். அடுத்த மாதம் பார்க்க வருவதாக முதலாளி சொன்னதும் மனைவியிடம் ஓடி வந்தார்.

மனைவி வழி சொன்னாள். "நீலத்தைப் பிடிச்சு, ஓட்டை போட்ட டப்பாவுல போட்டு, தொட்டிக்குள்ளேயே ஓரமாத் தொங்க விடுங்க. பாறையையெல்லாம் மாத்தி அடுக்குவோம். மத்ததுங்க இடம் பிடிச்சப்புறம் திறந்துவிட்டா, அவன்தான் புதுசு."

"சீனியரை ஓரங்கட்டறதா? இது அநியாயம்!"

சொல்லிக்கொண்டே பாசியைத் துடைக்கத் தொட்டிக்குள் கைவிட்டார். நீலம் விரலில் ஒரு கடி கடித்தது. சீனியாரிட்டி அத்தோடு ஒழிந்தது. அன்று மாலையே நீலம் டப்பாவுக்குள் இருந்து முறைத்தது.

முதலாளி வந்த அன்று தொட்டி சொர்க்கமாக இருந்தது. கோமாளிகள் நடுக்கூடத்தில் உலாவின. மஞ்சள் குகைக்குள் குடியிருந்தது. விடுதலையான நீலம் மூலையில் சமர்த்தாக நின்றது.

"எப்படி சார் சாதிச்சீங்க?" முதலாளி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஒற்றுமையார் தொண்டையைச் செருமினார். "முதல்ல வந்தவன் எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுக்கிட்டா, பின்னாடி வர்றவன் பிழைக்க முடியாது சார். அவனைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கணும். அந்த நேரத்துல இடத்தையே தலைகீழா மாத்திடணும். திரும்பி வந்தா வாலைச் சுருட்டிக்கிட்டு இருப்பான்."

சமையலறை வாசலில் மனைவி இருமினாள். மறுபடியும், இன்னும் பலமாக இருமினாள். பாவம், சளி போல என்று நினைத்துக்கொண்டார்.

"மீனுக்கு மட்டும் இல்ல சார், எங்கேயும் இதான் மருந்து" என்று முடித்தார்.

முதலாளி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அதுவரை தொட்டியைப் பார்த்த கண்ணால் இப்போது அவரைப் பார்த்தார்.

"நம்ம ஆபீஸ் ஏசி ரிமோட் இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?"

"பத்திரமா இருக்கு சார்!"

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு மனதாரப் பாராட்டினார். "அருமையான முறை சார்." மூன்று மாதம் ஒற்றுமையார் ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில் இருக்க வேண்டும். அதற்குள் ஜன்னலோரத் தடுப்பை எடுத்துவிட்டு மேஜைகளையெல்லாம் மாற்றிப் போடுவார்கள். திரும்பி வந்ததும் குடிதண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் இடம். துணைத் தலைவர் பதவியைப் பற்றி முதலாளி மூச்சுவிடவில்லை. ரிமோட்டை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஒற்றுமையார் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். மனைவி தீனி தூவினாள். எல்லாம் பாய்ந்து வந்தன. நீலம் மட்டும் காத்திருந்து, மற்றவை விட்டதில் ஒரு துணுக்கைக் கவ்வியது.

"டப்பாவுல இருந்தப்போ அவன் ஒழுங்கா சாப்பிட்டானா?" சின்னக் குரலில் கேட்டார்.

"ஆரம்பத்துல முறைச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் பசிச்சது, சாப்பிட்டான்" என்றபடி, நாளைக்குக் கிடங்குக்கு எடுத்துப் போக அவருடைய பழைய டிபன் டப்பாவைக் கழுவ எடுத்துப் போனாள் மனைவி.