இரண்டு அங்குல வாய்

ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, அதிகாலை 4.20. ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்த குடிநீர் நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. அதை நம்பியிருந்தவர்கள் பதினோராயிரம் பேர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஆலோசகர் தன் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அன்று வீடு மாறும் நாள், விடுப்பு சொல்லியிருந்தாள். நிவாரண அமைப்பில் அவள் வேலை, எதை வாங்கலாம், யாரிடம், எப்படி வாங்கலாம் என்று சொல்வது. வெள்ளப் பகுதிக்கான இருபது ரப்பர் தண்ணீர்த் தொட்டிகள், பம்புகள், குழாய்கள் எல்லாம் வியாழக்கிழமையே கிடங்குக்கு வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் ஏறிவிடும். அடுத்த விமானம் புதன்கிழமைதான்.

செய்தித்தாளில் சுற்றிய டம்ளரோடு போனை எடுத்தாள். வெள்ளப் பகுதியிலிருந்து தண்ணீர் இன்ஜினியர்.

"அக்கா, ஒரே ஒரு சின்ன விஷயம். பெரிய ஸ்பானர் ஏதாவது சேர்த்து அனுப்புறீங்களா?"

"ஸ்பானர் எதுக்குடா?"

"தொட்டி வாயை முடுக்கத்தான். இங்க ஒரு ஸ்பானர்கூட இல்ல. இருந்த கடையெல்லாம் தண்ணிக்குள்ள."

"அதுக்கு ஸ்பானரே வேண்டாம். குழாய் முனையில ரெண்டு காது இருக்கும். சொருகி, காதை மடக்கினா பூட்டிக்கும். அவ்வளவுதான்."

"குழாய் சரி அக்கா. நீங்க அனுப்பின தொட்டி போட்டோவுல வாயில மரை தெரியுதே."

டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. கணவனிடம், "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பழைய செருப்போடு கிளம்பினாள். அந்த அரை மணி நேரத்தை அவன் நம்பவில்லை. பதினெட்டு வருடக் குடித்தனம்.

கிடங்கில் பெட்டிகள் மூன்று வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை முத்திரை. கிடங்குக்காரர் அட்டையில் செருகிய பட்டியலை நீட்டினார்.

"எல்லாம் டிக் அடிச்சாச்சும்மா. தொட்டி இருபது, பம்பு இருபது, குழாய் இருபது சுருள். ஒண்ணு குறையல."

"ஒரு தொட்டி, ஒரு குழாய் பிரிங்க."

"சீல் வெச்சாச்சே. பிரிச்சா மறுபடி அஞ்சு பேர் கையெழுத்து வேணும். அதுல ரெண்டு பேர் லீவு. ஒருத்தர் நீங்க."

"பிரிங்க அண்ணே."

குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைக் கத்தியை எடுக்க வைத்தது. தொட்டி மடித்த மெத்தைபோல் வெளியே வந்தது. அதன் இரண்டு வாய்களிலும் பித்தளை மரை பளபளத்தது. குழாய் முனையில் இரண்டு காதுகள். கிடங்குக்காரர் ஒன்றை ஒன்றின்மேல் வைத்து அழுத்தினார், திருப்பினார், கொஞ்சம் அடித்தும் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டு அங்குலம்தானே?"

"ரெண்டு அங்குலம்தான்" என்றாள். தரக்குறிப்பில் அவள் எழுதியதும் அதுதான்: வாய் இரண்டு அங்குலம். எந்த வகை வாய் என்று எழுதவில்லை.

வழக்கமாகத் தொட்டி, பம்பு, குழாய் மூன்றையும் ஒரே கம்பெனியில் ஒரே தொகுப்பாக வாங்குவார்கள். தொகுப்பில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். வாயைப் பற்றி யாரும் எழுத வேண்டியதில்லை. போன வருடம் அவள்தான் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம் என்று ஆலோசனை சொன்னாள். நூற்றுக்குப் பதினெட்டு மிச்சமானது. கூட்டத்தில் கைதட்டினார்கள். பரிசோதனையும் தனித்தனியாகவே நடந்தது: தொட்டி ஒழுகவில்லை, பம்பு ஓடியது, குழாய் வெடிக்கவில்லை. மூன்றும் தேறிவிட்டன. மூன்றையும் சேர்த்து மாட்டிப் பார்க்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அவள் இரண்டு வரிசைகளுக்கு நடுவே போய்த் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். ஒரு தொட்டிக்கு இரண்டு வாய். இருபது தொட்டிக்கு நாற்பது இடை இணைப்புகள். விமான நிலையத்தில் சரக்கு வாங்கும் கதவு நாலேகாலுக்கு மூடிவிடும். இப்போது மணி ஒன்பது நாற்பது.

கொள்முதல் அதிகாரி ஓட்டமும் நடையுமாக வந்தான். அலுவலகத்தில் அவனுக்கு 'மூணு விலை' என்று பெயர். மூன்று கடைகளில் விலை கேட்காமல் பேனாகூட வாங்க மாட்டான். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"உட்காராதே. எழுந்திரு. டேங்கர் லாரிக்கு சாமான் விக்கிறவங்க எங்கே இருக்காங்க?"

பிரித்த தொட்டியையும் குழாயையும் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். லாரிச் சாமான் கடைத்தெருவில் மூன்றாவது கடையில் காது மாட்டும் பித்தளைத் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. மறுமுனையில் உள்மரையும் இருந்தது. ஆனால் தொட்டியின் மரை வேறு. கடைக்காரர் இரண்டையும் உரசிப் பார்த்துவிட்டு எதிர்ப்புறம் கையைக் காட்டினார். "லேத்துல குடுத்து மரையை மாத்தி வெட்டச் சொல்லுங்க. அவன் முசுடு. ஆனா கை சுத்தம்."

லேத் பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துண்டைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் வாசனை கண்ணை எரித்தது.

"பழைய மரையை வழிச்சு எடுக்கணும். புது மரை போடணும். ஒண்ணுக்குக் கால் மணி நேரம்."

"நாற்பது வேணும். மூன்றரைக்குள்ள."

"என்கிட்ட ரெண்டு லேத்து, என் மச்சானையும் சேர்த்து நாலு கை. கணக்கை நீங்களே போட்டுக்குங்க."

அவள் போட்டாள். பதினொன்றேகாலுக்கு ஆரம்பித்தால் முப்பத்து நான்கு. இரண்டு சேர்ந்தால் ஒரு தொட்டி. பதினேழு தொட்டி.

"உடனே ஆரம்பிங்க."

"ஆர்டர்?" என்றார் பட்டறைக்காரர். "போன தடவை உங்களை மாதிரி ஒரு ஆபீஸ்காரங்க வாயால சொல்லிட்டுப் போனாங்க. செஞ்ச சாமான் இன்னும் அந்த மூலையில கிடக்கு. கையெழுத்துப் போட்ட காகிதம் வரட்டும்."

அவசரக் கொள்முதலுக்கு விதிவிலக்குப் படிவம் ஒன்று உண்டு. 'மூணு விலை' லேத்தின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்தான். ஏழாவது கட்டத்தில் அவன் விரல் நின்றது: தேவை ஏற்பட்ட காரணம்.

"சப்ளையர் தவறுன்னு போட்டுடலாம் மேடம். தொட்டிக் கம்பெனிக்காரன் எங்கேயோ இருக்கான். வந்தா கேட்கப் போறான்?"

"நாம ரெண்டு அங்குலம் கேட்டோம். அவன் ரெண்டு அங்குலம் குடுத்தான்."

"அது நமக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாதே."

போன் அடித்தது. கணவன்.

"இந்தா பாரு, கட்டுறவன் கட்டிட்டுப் போயிட்டான். வண்டிக்காரன் ஓட்டத்தான் வந்தேங்கிறான், தூக்க மாட்டேங்கிறான். கேட்டா, தூக்குற ஆள் தனியா பேசணுமாம்."

"மூணு பேர்கிட்ட விலை கேட்டு..."

"பிரிச்சுக் குடுத்தே. தெரியும். மலிவுன்னு நீதான் சொன்னே. இப்ப எங்க அம்மா நடுத்தெருவுல சோபாவுல உட்கார்ந்து, போற வர்றவங்களுக்கெல்லாம் கதை சொல்லிட்டிருக்காங்க. நீ எப்ப வர்ற?"

"என்னங்க, பக்கத்து வீட்டுத் தம்பிங்களைக் கூப்பிடுங்க. என்னால இப்ப வர முடியாது."

"என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"ஆபீஸ்லயும் நான் இதையேதான் பண்ணி வெச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஏழாவது கட்டத்தில் தட்டினாள்: தரக்குறிப்பில் இணைப்பு வகை விடுபட்டது. ஒரே தொகுப்பைப் பிரித்து வாங்கும்படி ஆலோசனை சொன்னவரின் தவறு. கீழே தன் பெயரைச் சேர்த்தாள்.

'மூணு விலை' அதைப் படித்தான். பிறகு இன்னும் கீழே படித்தான். முகம் வெளிறியது.

"மேடம், தவறு பண்ணினவங்களே பரிந்துரைக் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு இருக்கு."

"ஆமா. நீதான் போடணும்."

"நானா? ஒரே ஒரு கடையோட விலையை வெச்சா?"

"ஆமா."

"ஏழு வருஷத்துல ஒருதடவைகூட நான் அப்படிப் போட்டதில்ல மேடம்." கெஞ்சுகிறானா பெருமைப்படுகிறானா என்று தெரியவில்லை. "இன்னும் ரெண்டு பட்டறைக்குப் போன்ல கேட்டுடறேன். பத்து நிமிஷம். நாளைக்கு ஆடிட்ல உட்கார்ந்து பதில் சொல்றவன் நான்தானே?"

"பத்து நிமிஷம்னா ஒரு துண்டுக்கு மேல போயிடும்."

"பத்தே நிமிஷம்."

முதல் எண்ணை யாரும் எடுக்கவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தான். இரண்டாவது எண்ணில் எடுத்தவர், முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றார். காத்திருந்தான். அவள் பட்டறை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தாள். தெருவில் ஒரு லாரிக்காரர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் எதையாவது உதைக்க வேண்டும்போல் இருந்தது. இன்ஜினியரிடமிருந்து செய்தி வந்தது: "பம்பு வைக்க மேடை கட்டிட்டோம் அக்கா. ஜனங்க இப்பவே குடத்தோட வரிசையில நிக்கிறாங்க. நாளைக்குத்தான்னு சொன்னாலும் கேட்கல."

அவள் அதை 'மூணு விலை'யிடம் நீட்டினாள். அவன் படித்தான், தலையாட்டினான், மறுபடி எண்ணை அழுத்தினான். இந்த முறை முதலாளியே எடுத்தார். நாற்பதா, இன்றைக்கா என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போனுக்கு வெளியே பட்டறைக்காரருக்கும் கேட்டது.

"அவன் சிரிப்பையும் ஒரு விலைன்னு எழுதிக்கப்பா. ரெண்டாச்சு" என்றார்.

முதல் எண்காரர் எடுக்கவே இல்லை. 'மூணு விலை' இரண்டாவது, மூன்றாவது விலைக்கான கட்டங்களில் 'பதில் இல்லை', 'மறுத்தார்' என்று நிரப்பினான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டான். இயக்குநர் ஏதோ கூட்டத்தில் இருந்தபடியே நான்கு நிமிடத்தில் ஒப்புதல் அனுப்பினார். ஏழாவது கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மணி பன்னிரண்டு. இரண்டு லேத்துகளும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கின.

"பதினாலு தொட்டி" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல்.

'மூணு விலை' அதைக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் முழுக்கையை மடித்துவிட்டு, வெட்டி முடித்த துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க உட்கார்ந்தான். அவள் ஒவ்வொன்றையும் கிடங்கிலிருந்து கொண்டுவந்த தொட்டி வாயில் முடுக்கி, குழாயைச் சொருகி, காதை மடக்கிப் பார்த்தாள். மடங்கும்போது டக்கென்று ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் அது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்குப் பட்டறைக்காரர் யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அவள் டம்ளர் ஆறி ஆடை கட்டியது.

மூன்றேகாலுக்கு அவள் கேட்டாள்: "கொஞ்சம் வேகமா முடியாதா?"

"முடியும். மரை பிடிக்காது. பரவாயில்லையா?"

அவள் அடுத்த துண்டைத் தொட்டி வாயில் முடுக்கினாள்.

மூன்றரைக்கு லேத்துகள் நின்றன. எண்ணினார்கள். இருபத்தெட்டு. 'மூணு விலை' மறுபடி எண்ணினான். இருபத்தெட்டுதான்.

சரக்கு வாயிலில் கிடங்குக்காரர் பெட்டிகளோடு காத்திருந்தார். முத்திரை அவிழ்த்த பெட்டிக்கான ஐந்து கையெழுத்துகளில் மூன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். லீவில் இருந்த இன்னொருவரை வீட்டிலிருந்தே அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் லுங்கியோடு நின்றார். அவள் ஐந்தாவதாகக் கையெழுத்திட்டாள். நாலு பத்துக்குப் பெட்டிகள் உள்ளே போயின.

விமானம் 5.05க்குப் புறப்பட்டது. அதில் இருபது தொட்டிகளும் இருபத்தெட்டு இணைப்புகளும் போயின. சனிக்கிழமை மாலைக்குள் பதினான்கு தொட்டிகளில் தண்ணீர் நிரம்பியது. மீதிப் பன்னிரண்டு இணைப்புகள் புதன்கிழமை விமானத்தில் சென்றன. இடைப்பட்ட நாட்களில், இணைப்பில்லாமல் தொட்டி காலியாகக் கிடந்த வடக்கு முகாமில் நாற்பத்தோரு பேர் வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சை பெற்றார்கள், யாரும் இறக்கவில்லை. ஆகஸ்ட் 31 அன்று முடிந்த ஆலோசகரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.