மைப்புட்டிக்கு ஒரு கரண்டி தண்ணீர்

எண்பதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி. ஹைதராபாத் வானத்தை யாரோ சாம்பல் போட்டுத் துலக்கி ஊர் மேல் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை, மேகம் என்ற பேச்சே இல்லை. போன ஐப்பசியில் நாலு துளி விழுந்ததோடு சரி. கண்டிப்பேட்டை ஏரியில் மீன்களெல்லாம் கரையேறி பஸ்ஸுக்கு நிற்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாய்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் காற்று வந்தது. அந்தக் காற்றையும் குடத்தில் பிடித்து மூடிவைத்தவர்கள் உண்டு.

"கண்டிப்பேட்டைத் தண்ணி குடிச்சவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான்னு சொல்வாங்க. இனிமே தாராளமாப் போலாம்ப்பா. குடிக்கத்தான் தண்ணியே இல்லையே!" என்றார் வேணுகோபால்.

மற்றவர்கள் சிரித்தார்கள். ஏனோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போகிற ஆள் இல்லை. மல்லாபூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

ஏனோக்கின் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் தினம் சாயங்காலம் கூடும் அந்தச் சபைக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் மழைக் கமிட்டி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனான ஏனோக் அதற்குத் தலைவர். வேணுகோபால் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. என்றோ சைக்கிளிலிருந்து விழுந்த இடது முழங்காலை வைத்துத்தான் அவர் மழை சொல்வார். வங்காள விரிகுடாவில் ஒரு நண்டு தும்மினால் அந்த முழங்காலில் தெரியும் என்பது அவர் கட்சி. ஒர்க்‌ஷாப் பெயின்டர் அப்துல் ரஹீம் தன் புறாக்களை நம்பினார். பூகோளம் நடத்தும் ஹில்டா டீச்சர் அச்சடித்த அட்டவணையைத் தவிர எதையும் நம்பமாட்டார்.

ஏனோக்கின் நம்பிக்கை, கழித்துக்கட்டிய முதல் வகுப்புப் பெட்டியின் ஜன்னல் ஷட்டர்களைக் கொண்டு அவரே செய்த ஒரு மரக்கூண்டு. வெள்ளை பெயின்ட் அப்துல் ரஹீமின் கைவண்ணம். உள்ளே இரண்டு வெப்பமானிகள் அக்கா தங்கைபோல் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் அடிக் குமிழுக்கு மட்டும் ஒரு விளக்குத்திரிச் சட்டை. திரியின் வால் கீழே ஒரு பழைய மைப்புட்டித் தண்ணீரில் கிடக்கும்.

"காத்துங்கது ஒரு குடிகாரன்னு வச்சுக்கிடுங்க" என்று ஏனோக் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். "தாகமா இருந்தான்னா திரியிலெருந்து தண்ணிய உறிஞ்சுவான், ஈர மானி குளுந்து எறங்கிரும். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வறட்சி. ரெண்டும் சமமா நின்னா, பய வயிறுமுட்டக் குடிச்சிருக்கான்னு அர்த்தம். அன்னைக்கு மழைதான்."

அந்தக் குடிகாரனுக்கு அந்த மாசி மாதம் தாகமென்றால் தாகம். காய்ந்த மானி முப்பத்தொன்று என்றால் ஈர மானி பதினேழு. மைப்புட்டி ஒரே பகலில் காலியாகிவிடும். ஏனோக் தன் காலைக் காப்பியில் பாதியைத் தியாகம் செய்து, அதற்கான தண்ணீரைக் கரண்டியால் அளந்து புட்டியில் ஊற்றுவார். வீட்டில் முகம் கழுவத் தண்ணீர் இல்லாதபோது கண்ணாடிக் குழாய்க்கு அபிஷேகமா என்று அவர் மனைவி லோயிஸ் முதலில் சண்டை போட்டாள். பிறகு விட்டுவிட்டாள். சண்டை போட்டாலும் தொண்டை வறண்டது.

ஏனோக்கின் கவலை இதுதான். ஏப்ரல் முடிவில் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மல்லாபூர் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை பாக்கி. பிராவிடன்ட் ஃபண்டு முழுவதும் செங்கல்லாகவும் கம்பியாகவும் மாறி நின்றது. மல்லேஷ் மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: கான்கிரீட் போட்ட பிறகு மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும், ரெண்டு மூன்று வாரம் கூரை தண்ணீருக்குள் ஊறவேண்டும். இல்லாவிட்டால் தளம் அப்பளம்போல் வெடிக்கும். மல்லாபூர்க் கிணற்றிலோ வாளியை இறக்கினால் தவளைதான் ஏறி வந்தது. அதுவும் குடிக்கத் தண்ணீர் கேட்டது.

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குத் தண்ணீர் அடிக்கும் டேங்கர்காரரிடம் ஏனோக் பத்து நாள் நடந்தார். அவர் கெஞ்சிய கெஞ்சலில் அங்கிருந்த முட்டைக்கோஸ்களே கண் கலங்கின. கடைசியில் டேங்கர்காரர் மனமிரங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டேங்கர், அடுத்த மாதம் வரை வேறு கிடையாது. தண்ணீர் உறுதியான பிறகுதான் மல்லேஷை அழைத்தார் ஏனோக். வியாழக்கிழமை விடியும் முன்னே மல்லாபூர் போய், கான்கிரீட் கலவை ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். வெள்ளிக்கிழமையும் லீவு போட்டு அங்கேயே நின்றார். தளத்தின் மேல் சாக்கு விரித்து, கிடைத்த குடத் தண்ணீரைத் தெளித்து, பிறந்த குழந்தைக்கு ஈரத்துணி போடுவதுபோல் போட்டார். அவசர அவசரமாகத் தண்ணீரைத் தேக்கப் பாத்தியும் கட்டி முடித்தாயிற்று. டேங்கர் டிரைவருக்கு மல்லாபூர் சந்து தெரியாது. ஆகவே வண்டி லாலாகுடாவுக்கு வரும், ஏனோக் ஏறி வழிகாட்டிப் போவார் என்று ஏற்பாடு.

சாயங்காலம் சிமென்ட் படிந்த காலோடு ஏனோக் வீடு திரும்பியபோது பின்கட்டில் கமிட்டி வழக்கம்போல் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தது.

"ரேடியோல வறண்ட வானிலைன்னு சொல்றான். அதுக்கு எதுக்குப்பா ஒரு ரேடியோ? எங்க வீட்டுக் குடத்தைத் தட்டினாலே அந்தச் சத்தம்தானே வருது?" என்றார் வேணுகோபால்.

"புறாவுக்கு வெக்கிற தண்ணிய என் சம்சாரம் எடுத்து சாயா போட்டுட்டா பாய்" என்றார் அப்துல் ரஹீம். "கைக்கு, எதுக்கு அப்படி செஞ்சேன்னு கேட்டா, நீ சாயா வேணாம், நக்கோன்னு சொல்லு, புறாவுக்கே வெக்கிறேங்குறா. நக்கோன்னு எப்படி பாய் சொல்றது?"

"இந்த வருஷம் பருவத்தையே பாடத்துலேருந்து எடுத்துடலாம்" என்று பெருமூச்சு விட்ட ஹில்டா டீச்சர், ஒரு பழக்கதோஷத்தில் கூண்டைத் திறந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் குனிந்தார்.

"ஏனோக் சார், கொஞ்சம் இங்க வாங்களேன். காய்ஞ்சது முப்பத்தொண்ணு."

"அது தெரிஞ்சதுதானே டீச்சர்."

"ஈரமும் முப்பத்தொண்ணு!"

நாலு தலைகளும் கூண்டின் வாயில் முட்டிக்கொண்டன. இரண்டு பாதரசக் கோடுகளும் ஒரே உயரத்தில் நின்றன, ரிப்பேருக்குப் பிறகு சரிபார்த்த தண்டவாளம்போல.

"வித்தியாசம் பூஜ்யம்" என்று டீச்சர் அட்டவணையில் விரலை ஓட்டினார். "ஈரப்பதம் நூத்துக்கு நூறு! இந்தக் கட்டத்தை நான் அட்டவணையில பார்த்திருக்கேனே தவிர, இந்த ஊர்ல பார்த்ததே இல்லை."

"என் முட்டி மத்தியானத்துலேருந்து விண்ணுவிண்ணுங்குது! சொன்னா சிரிப்பீங்கன்னுதான் சொல்லலை" என்று வேணுகோபால் துள்ளினார்.

"ஹவ், ஹவ்! ஆமா பாய், புறா எல்லாம் இன்னிக்கு சீக்கிரமே கூண்டுக்குள்ள பூந்திருச்சு" என்றார் அப்துல் ரஹீம். பருந்து ஒன்று வட்டமிட்டதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தும் அந்த ஆனந்தத்தில் அதை மறந்துபோனார்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த லோயிஸ் மட்டும் கேட்டாள்: "போட்ட துணி கையெடுக்குமுன்ன விறைச்சு நிக்கி. ஈரம் எங்கெ இருக்குன்னு சொல்லுதீங்க?"

"அதெல்லாம் மேல இருக்கும்மா, கீழ எறங்க நேரமாகும்" என்றார் டீச்சர். பூகோளம் படித்தவர் சொன்னால் பிறகென்ன?

அந்த நேரம் பார்த்து வாசலில் டேங்கர் ஹார்ன் அடித்தது.

தண்ணீர் வண்டியின் வாசனை லாலாகுடாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஏனோக் வாசலுக்கு வருவதற்குள் தெரு முழுவதும் குடங்களாக நின்றது. குடம் இல்லாதவர்கள் இட்லிக் கொப்பரையோடு வந்தார்கள். கொப்பரை இல்லாதவர்கள் தொட்டிலைக் கழற்றலாமா என்று யோசித்தார்கள். யாரும் கேட்கவில்லை, அதுதான் மோசம். பக்கத்து வீட்டு கிரிஜா இடுப்பில் காய்ச்சல் குழந்தையும் கையில் ஒரு சொம்புமாக நின்று டேங்கரின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தெரு முழுவதும் அந்தச் சொட்டோடு சேர்ந்து கீழே பார்த்தது.

ஏனோக்கின் நெஞ்சுக்குள் இரண்டு வெப்பமானிகள் ஏறி இறங்கின. மல்லாபூரில் கூரை காத்திருக்கிறது. ஆனால் இன்றிரவு வானமே திறந்து கொட்டப்போகிறதே! கட்டிய பாத்தி நிரம்பி வழியும். மழைக்கு மேல் டேங்கர் தண்ணீரை ஊற்றுகிற முட்டாள் உலகத்தில் உண்டா?

"உறுதியாத்தானா?" என்று லோயிஸ் பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்.

"பொட்டி பொய் சொல்லாதுட்டி" என்றார். டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "மல்லாபூர் வேண்டாம்வே. இங்கனயே திறந்துவிடும்!"

அன்று லாலாகுடாவில் ஏனோக் ஒரு சக்கரவர்த்தி. குடம் நிரம்பியது, கொப்பரை நிரம்பியது, உரலின் குழி நிரம்பியது, மாதா கெபியின் பூச்சாடி நிரம்பியது. ஒருவன் செருப்பைக் கழுவிக்கொண்டு அதில் மிச்சம் நின்றதையும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோனான். கமிட்டி மூன்று பேரும் வரிசையை ஒழுங்கு செய்தார்கள். "நாளைக்கு இதைவிட நிறைய வரும், முண்டாதீங்க!" என்று வேணுகோபால் அறிவித்துக்கொண்டே இருந்தார். டேங்கர் காலி.

சனிக்கிழமை விடிந்தது. வானம் மறுபடி துலக்கி வைக்கப்பட்டிருந்தது. ஏனோக் கூண்டைத் திறந்தார். குளிரில் இரண்டும் இறங்கியிருந்தன, ஆனால் ஜோடியாக, சமமாக. இன்னும் நூற்றுக்கு நூறு. குடிகாரன் வயிறு நிறைந்திருக்கையில் புட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று அன்று அவர் கரண்டியைத் தொடவில்லை.

"மழை லேட்டா ஓடுதுப்பா" என்றார் வேணுகோபால். "உங்க ரயில்வே மாதிரி."

ஏனோக் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு இடிச் சத்தத்துக்கும் எழுந்தார். ஒவ்வொன்றும் ஒர்க்‌ஷாப்பின் சம்மட்டி. வெயில் ஏறியது. வறண்ட காற்று எழுந்து கொடித் துணியைப் படபடவென்று அடித்தது. மத்தியானம் மல்லேஷ் மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, "நீள்ளு ஏதி சாரு?" என்று தெலுங்கில் தண்ணீர் எங்கே என்று கேட்டான். ஏனோக் வானத்தைப் பார்த்தார். மல்லேஷும் பார்த்தான். பிறகு, "வந்து பாருங்க" என்று மட்டும் தமிழில் சொன்னான்.

மல்லாபூரில் ஏணி ஏறி, உலர்ந்து விறைத்த சாக்கை ஏனோக் தூக்கினார். தளத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல் ஓடியது. அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. தென்மத்திய ரயில்வேயின் வரைபடம் முழுவதும் அங்கே இருந்தது, காஜிப்பேட்டை உட்பட. ஒரு விரிசலில் அவர் நகம் இறங்கியது.

"பூசினா?" என்று கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாது சாரு. மழைக்குத் தெரியும்" என்றான் மல்லேஷ். உடைத்துப் புதிதாகப் போடலாம். எதைக் கொண்டு போடுவது? பணம் தீர்ந்துவிட்டது, மிச்சமிருந்தது ஏப்ரல் கெடு ஒன்றுதான்.

ஏனோக் லாலாகுடா திரும்பினார். நேரே பின்கட்டுக்குப் போய்க் கூண்டைத் திறந்தார். அந்தப் பொய்யான ஈர மானியைப் பிடுங்கித் தரையில் அடிக்கக் கை நீட்டினார். விரல் திரியில் பட்டது. திரி பொரபொரவென்று உதிர்ந்தது.

குனிந்து மைப்புட்டியை எடுத்தார். காய்ந்து கிடந்தது. அடியில் ஓர் எறும்பு, தாகத்தில் செத்துப்போய்.

வியாழக்கிழமை காலையும் வெள்ளிக்கிழமை காலையும் அவர் மல்லாபூரில் இருந்தார். கரண்டித் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. மற்ற மூவருக்கும் அது தலைவர் வேலை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடிகாரன் சும்மா இருந்தான். அவன் வயிறு நிறைந்துவிட்டது என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். கடைசிச் சொட்டும் வற்றிய பிறகுதான் கூண்டு வெள்ளம் வருகிறது என்று சொல்லியிருக்கிறது. செருப்பு வரை நிரம்பிய அந்த வெள்ளிக்கிழமையில் லாலாகுடாவில் நிரம்பாத பாத்திரம் அந்த மைப்புட்டி ஒன்றுதான்.

ஹில்டா டீச்சர் வந்து பார்த்தார். அட்டவணையை மடித்தார், மறுபடி மடித்தார், இனி மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார். வேணுகோபால் முழங்காலைத் தடவினார். "அது சும்மா வாயுதான் போல" என்றார் யாரிடமோ.

"பாய், பருந்து வந்துச்சு" என்றார் அப்துல் ரஹீம் தரையைப் பார்த்து. "அதான் புறா பூந்துச்சு. எனக்குத் தெரியும். நேத்து ஞாபகம் வரலை."

"எனக்கும்தான் ரஹீம். என் குதிங்கால் வெடிச்சு ரத்தம் வந்துகிட்டு இருந்துச்சு நேத்து" என்றார் ஏனோக். "ஈரம் நூத்துக்கு நூறுன்னதும் அந்த வலியே தெரியலை."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிரிஜா ஒரு தம்ளரை நீட்டினாள். "அண்ணே, நேத்து நீங்க குடுத்ததுல மிச்சம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு." அவள் நன்றி சொல்லத்தான் வந்தாள். லோயிஸின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டாள்.

ஏனோக் தம்ளரை வாங்கி, பழைய திரிக்குப் பதில் புதுத் திரி கட்டி, மைப்புட்டியில் ஊற்றினார். கை தானாகச் செய்தது. திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. பிறகு பாதரசம் இறங்க ஆரம்பித்தது. மெதுவாக இறங்கியது. நிற்கும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை.

"இருபத்தஞ்சு" என்று டீச்சர் படிக்க ஆரம்பித்தார். "இருபத்தி…"

"படிக்காதீங்க டீச்சர்" என்றாள் லோயிஸ்.

நால்வரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. ரொம்ப நேரம் கழித்து அப்துல் ரஹீம் எழுந்து நின்று மேற்கே கை நீட்டினார். மௌலாலிக் குன்றுக்கு எதிர்த்திசையில், ஊரின் கூரைகளுக்கு மேல், உள்ளங்கை அளவு ஒரு வெள்ளைத் துணுக்கு. மேகம். நாலு மாதத்தில் முதல் மேகம்.

பழக்கத்தில் மூன்று பேரும் ஏனோக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். வருமா, வராதா என்று சொல்லவேண்டியவர் அவர்தானே.

ஏனோக் அதை வெகுநேரம் பார்த்தார். மழைக்காகக் கூண்டு கட்டியவர், மழைக்காகக் காப்பியைப் பாதியாக்கியவர். இனி மே மாதம் முதல் அவர் கீழே படுத்து எழும்பப்போகும் கூரையின் விரிசல் மழைக்குத் தெரியும்.

"நக்கோ" என்றார் மேகத்திடம்.